கோட்டு: ஆம்

1.

"அந்த நோட்டுல அப்படி என்னதான் எழுதுற?" என்று ஜூன் மாதத்தில் ஒருநாள் வில்யோ மாமா கேட்டார்.

"நீங்க சுட்டதைத்தான்," என்றாள் ஐலி.

"நான் நாலு குண்டு சுட்டேன். நீ அரைமணி நேரமா எழுதுற."

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. இந்தக் கதைதான் அந்தப் பதில். நாலு மாதம் தாமதமாக வருகிறது. அவர் கேட்டதைவிட நீளமாகவும் இருக்கிறது.

[முதலில் இது 'நான்' என்று தொடங்கியது. அந்தச் சொல்லை எழுதியதும் அறையில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. அறையில் யாரும் இல்லை. அதை அடித்துவிட்டு 'ஐலி' என்று போட்டாகிவிட்டது. வயது பதினேழு, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், வில்யோவின் தங்கை ஹில்க்காவின் மகள். ஐலிக்கு அடிபட்டால் எழுதுகிறவளுக்கு வலிக்காது. பெரும்பாலும்.]

2.

கதையின் தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள் நடந்தன.

முதல் முயற்சி: "பெதாயலம்பி ஊரின் சதுப்பு நிலத்தின்மேல் பனிமூட்டம் ஒரு வெண்ணிறப்..." (வேண்டாம். அன்றைக்கு வெயில்.)

இரண்டாம் முயற்சி: "ஒரு கண்ணை இழந்த வேட்டைக்காரன், தன் துப்பாக்கியோடு தனிமையில்..." (தவறு. அவர் கண்ணை இழக்கவில்லை. வலது கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். எதை நேராகப் பார்க்கிறாரோ அதை மட்டும் மறைக்கும். "சுத்தி இருக்கிற மரமெல்லாம் நல்லாத் தெரியுது. நடுவுல நிக்கிற மூஸ் மான் மட்டும்தான் தெரியல," என்று மருத்துவரிடம் சொன்னார். தனிமையிலும் இல்லை. ஐலி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.)

மூன்றாம் முயற்சியில் அலங்காரம் இல்லை. வில்யோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. குளிர்காலத்தில் சாலைப் பனியை வாரும் வண்டி ஓட்டுகிறார். ஊர் வேட்டைக் குழுவில் இருபத்தொன்பது வருடமாக ஏழாம் எண் நிலை அவருடையது. நிலை என்றால் மூஸுக்காகக் காத்திருக்கும் இடம்; சதுப்பு ஓரத்தில் ஒரு அடிமரக்கட்டை. மூஸ் மான்கள் ஆற்றைக் கடந்து வந்து கரையேறும் இடம். சுடும் பரீட்சையில் தேறிய அட்டை இல்லாதவர் நிலையில் நிற்க முடியாது. அவருடைய அட்டை இந்த இலையுதிர்கால வேட்டைக்கு முன்பே முடிகிறது. தொண்ணூறு வினாடி, நாலு குண்டு, சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம், நாலும் உள்ளே விழ வேண்டும். நாற்பது வருடமாக வலது தோளில் வைத்துச் சுட்டவர் இப்போது இடது தோளுக்கு மாற வேண்டும். இத்தனைக்கும் ஒரே கோடைதான் இருக்கிறது.

இதுவே போதும். தொடங்கியாகிவிட்டது.

3.

வேலை நடந்த விதம் இப்படி. ஊர்ச் சுடுதிடலில், எழுபத்தைந்து மீட்டர் தூரத்தில் ஒரு குறி அட்டை. வில்யோ நாலு குண்டு சுடுவார். ஐலி தொலைநோக்கியில் பார்த்து, ஓட்டை எங்கெங்கே விழுந்தது என்று நோட்டில் வரைவாள். பிறகு அவர் துப்பாக்கியில் ஒன்றை மாற்றுவார். ஒன்றே ஒன்றைத்தான். மறுபடி நாலு குண்டு.

"ரெண்டை மாத்தினா எது உதவிச்சுன்னு தெரியாது. ஒன்னை மாத்தினா எது கெடுத்துச்சுன்னாவது தெரியும்," என்றார்.

(எழுதுகிறவளும் இதைப் பின்பற்றிப் பார்த்தாள். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுவது. இரண்டாம் முயற்சியில் வரும் 'தனிமை' என்ற சொல் ஒன்பது தடவை மாறி, மறுபடி 'தனிமை'யாகவே வந்து நின்றது.)

மே மாதம் குறிபார்க்கும் ஸ்கோப்பை ஒரு விரற்கடை முன்னால் தள்ளினார். இடது கன்னத்துக்குத் துப்பாக்கியின் பின்கட்டை தாழ்வாக இருந்தது. பழைய பனிச்சறுக்கு பூட்ஸின் உள்ளுறையை வெட்டிக் கட்டையின்மேல் வைத்து டேப் சுற்றினார். உயரமாகிவிட்டது. ஒரு அடுக்கை உரித்தார், தாழ்ந்துவிட்டது. அரை அடுக்கை ஒட்டினார். விசையை இலகுவாக்கினார், அது அவரைக் கேட்காமலே சுட ஆரம்பித்தது. மறுபடி இறுக்கினார்.

கடைசியில் நீளம் மட்டும் மிச்சம் இருந்தது. தோளில் பதியும் ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய மரத்துண்டுகளைச் செருகி நீளத்தைக் கூட்டலாம். நீளம் குறைந்தால் ஸ்கோப் புருவத்தில் இடிக்கும். கூடினால் கட்டை அக்குளில் மாட்டும், தலை பின்னால் போகும், ஸ்கோப்புக்குள் கருப்பு வளையம் தெரியும். இதில் ஆடையும் சேர்த்தி. தடித்த கம்பளிக் கோட்டைப் போட்டால், அதன் தடிமன் அளவுக்குத் துப்பாக்கியே நீண்டுவிட்டதுபோல் ஆகிவிடும்.

ஊரில் பாதிப் பேர் ஜூலையில் பனியனோடு துப்பாக்கியைச் சரிபார்ப்பார்கள். அக்டோபரில் கோட்டோடு சுடுவார்கள். குறி தவறியதும் மூஸைத் திட்டுவார்கள். வில்யோ அப்படிப்பட்டவர் இல்லை. கோடை முழுவதும் அக்டோபர்க் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் சுட்டார்.

"கோட்டும் துப்பாக்கியோட ஒரு பாகம். எழுதிக்க," என்றார்.

ஐலி நோட்டில் ஒரு கட்டம் போட்டாள். கோட்டு: ஆம் / இல்லை. எல்லா நாளும் ஆம்தான். ஆகவே ஜூன் கடைசியில், ஒரு பக்கம் முழுவதும் முன்கூட்டியே 'ஆம்' என்று எழுதி வைத்துக்கொண்டாள். மிச்சமாகும் நேரத்தில் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து வேறொன்றை எழுதலாம். நீங்கள் படிப்பது அந்தப் பின்பக்கம்.

4.

இந்த இடத்தில் எழுதுகிறவளுக்கு ஒரு சந்தேகம். வில்யோ நம்பும்படியான பாத்திரமா? இருபத்தெட்டு டிகிரி வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டு உட்காரும் மனிதனை, அளவு மீறிவிட்டது என்று வாசகர் சொல்லலாம். ஒரு வரைவில் அவருக்கு மெல்லிய மழைக்கோட்டு கொடுத்துப் பார்த்தாள். நம்பும்படி இருந்தது, ஆனால் ஆள் வில்யோ இல்லை.

வேட்டைக் குழுவின் தலைவர் தைஸ்தோவும் சந்தேகப்பட்டார். சைக்கிளில் அந்த வழியாகப் போனவர் நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

"என்னப்பா வில்யோ, காய்ச்சலா?"

"இல்ல. அக்டோபர்."

தைஸ்தோ சற்று யோசித்தார். "எங்க வீட்டுல இன்னும் ஜூலைதான்," என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

5.

ஜூலை பத்தொன்பது. கட்டையில் இரண்டு மரத்துண்டு.

ஐலி நோட்டின் பின்பக்கத்தில் இருந்தாள். அப்போது எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் இது: "பாதிப் பார்வையோடு உலகை நோக்கும் மனிதனின் ___ தனிமை". கோடிட்ட இடத்துக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. 'ஆழ்ந்த' பழசு. 'ஈரமான' பொய்.

இதற்கிடையில் ஒரு குதிரை ஈ வில்யோவின் காலருக்குள் புகுந்தது. அவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், கோட்டைக் கழற்றி உதறினார், பெஞ்சில் போட்டார், சட்டையோடு உட்கார்ந்து நாலு குண்டும் சுட்டார். இதில் வெடிச்சத்தம் மட்டும்தான் ஐலிக்குக் கேட்டது. உடனே நோட்டைத் திருப்பித் தொலைநோக்கியில் கண் வைத்தாள்.

"எப்படி?"

"காபித் தட்டு வெச்சா மறைஞ்சுடும் மாமா. நாலும்."

வில்யோ வெகுநேரம் அட்டை இருந்த திசையைப் பார்த்தார். "எழுது," என்றார்.

வரைந்தாள். கட்டத்தில் 'ஆம்' ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பிறகுதான் பெஞ்சில் கிடந்த கோட்டைப் பார்த்தாள். அதன் ஒரு கை உள்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

ஒரு கோடு போட்டு அடித்திருக்கலாம். அடித்தால் 'ஏன்' என்பார். 'கவனிக்கல' என்று சொல்ல வேண்டும். 'என்ன பண்ணிட்டிருந்தே?' என்று கேட்டு நோட்டைத் திருப்புவார். திருப்பினால் பாதிப் பார்வையும் தனிமையும் இருக்கும். வில்யோ தன்னைப் பார்த்து யாராவது உச்சுக்கொட்டினால் அங்கிருந்து எழுந்து போய்விடுகிற ஆள். ஐலியோ, எழுதியதை எழுந்து நின்று வாசி என்று சொன்னதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள்.

வில்யோ கோட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவ்வளவுதான்.

பிறகு மழை. பிறகு அவருடைய தோட்டாவில் ஒரு பெட்டிதான் மிச்சம் என்றாகிவிட்டது. பழைய ரகம், கடையில் நவம்பருக்கு முன் வராது. அதைப் பரீட்சைக்கும் வேட்டைக்கும் ஒதுக்கி வைத்தார். செப்டம்பர் ஆறாம் தேதி சமையலறை மேசையில் நோட்டின் முன்பக்கத்தை விரித்து, இருநூறு குண்டுகளில் எது சிறந்தது என்று தேடினார். கண்டுபிடித்தார். இரண்டு மரத்துண்டையும் பசை போட்டு ஒட்டி, ஓரத்தை ரம்பத்தால் அறுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்து, அன்றைய தேதியோடு நோட்டில் எழுதி வைத்தார். ஈயை அவர் மறந்திருந்தார். அந்தக் கோடையில் அது எழுபதாவது ஈயாக இருக்கும்.

6.

அக்டோபர், ஞாயிறு. பரீட்சை நாள், ஒருவர் பல தடவை முயலலாம். மழையும் பனியும் கலந்து விழுந்தது. வில்யோ கோட்டோடு உட்கார்ந்தார்.

முதல் தடவை இரண்டு உள்ளே. இரண்டாம் தடவையும் இரண்டு. மூன்றாம் தடவை ஒன்று. ஒவ்வொரு முறையும் கட்டை அக்குளில் மாட்டியது, அவர் அதைப் பிடுங்கி மேலே ஏற்றினார். நான்காம் தடவைக்குப் பெயர் கொடுக்கவில்லை.

"பரவால்லப்பா," என்றார் தைஸ்தோ. "வேட்டை அன்னைக்குப் பட்டாணி சூப் கிண்ட ஆளில்லாம இருந்தோம்."

"சூப்புக்கு ஒரு கண்ணு போதும்," என்றார் வில்யோ.

எல்லாரும் சிரித்தார்கள். தைஸ்தோவின் மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை. ஏழாம் எண் நிலையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தான்.

7.

முடிவுகள் கைவசம் நாலு இருக்கின்றன.

வில்யோவுக்கே அந்த ஈ நினைவுக்கு வருகிறது. (ஈயை நம்பிக் கதை எழுத முடியாது.)

கண் சரியாகிறது. (மருத்துவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.)

சூப் பானையில் ஒரு புது வாழ்க்கையைக் காண்கிறார், ஊரே அந்தச் சூப்பைப் புகழ்கிறது. (இந்த மாதிரி முடிவுக்கு வாசகர்கள் உண்டு. ஆனால் அவர் முப்பது வருடமாகச் சமைத்தது உருளைக்கிழங்கு மட்டும். அதுவும் சில நாள் வேகாது.)

ஐலி வாயைத் திறப்பதில்லை. பசை அப்படியே இருக்கிறது. உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. எழுதுவதற்கு இதுதான் சுலபம். ஏனென்றால் ஞாயிறு வரை இது ஏற்கெனவே எழுதி முடிந்துவிட்ட...

8.

[இந்தப் பகுதி என்னிடம் இல்லை. ஒரு பக்கம் இருந்தது. கதையிலேயே நன்றாக வந்த பக்கம் அதுதான் என்று எழுதியவள் நினைக்கிறாள். இனி அதை நிரூபிக்க வழியில்லை.]

9.

திங்கட்கிழமை காலை வில்யோ தங்கை வீட்டுக்குக் காபி குடிக்க வந்தார்.

"புதன்கிழமை பக்கத்து ஊர்த் திடல்ல இன்னொரு பரீட்சை இருக்காம். கடைசி. போயேண்ணா," என்றாள் ஹில்க்கா.

"எதுக்கு?"

"இன்னொரு தடவை பார்க்கத்தான்."

"ஒவ்வொன்னா மாத்திப் பார்த்துட்டேன் ஹில்க்கா. துப்பாக்கி சரியா இருக்கு, நோட்டே சொல்லுது. ஆளுதான் மிச்சம்."

"ஆளை மாத்த முடியாதோ?"

"உதிரிப் பாகம் கிடைக்காது." கோப்பையை நீட்டினார். "இதைக் குடிச்சுட்டு தைஸ்தோவுக்குப் போன் போட்டு நிலையை விட்டுடறேன்னு சொல்லப் போறேன்."

அது மூன்றாவது கோப்பை. அவர் நாலுக்கு மேல் குடிப்பதில்லை.

ஐலி மாடிக்குப் போனாள். நோட்டின் முன்பக்கத்தில் ஜூலை பத்தொன்பதை எடுத்து 'ஆம்' என்பதை அடித்து, 'இல்லை' என்று எழுதினாள். கீழே எழுதினாள்: "ஈ புகுந்ததால் கழற்றினீர்கள். நான் பார்க்கவில்லை. பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்." பிறகு நோட்டைத் திருப்பினாள். பின்பக்கத்துக் கதையும் முன்பக்கத்துக் கணக்கும் நெருங்கி வந்து, நடுவில் ஒரே ஒரு பக்கம் காலியாக இருந்தது. எட்டாம் பகுதியை அதில் எழுதினாள். கீழே நாற்காலி நகரும் சத்தம் கேட்டதும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு ஓடினாள்.

வில்யோ போனைக் கையில் எடுத்திருந்தார். அவர் முன்னால் நோட்டை விரித்து வைத்தாள்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, வலது கண்ணை மூடி, அந்த வரியைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். போனை மேசையில் வைத்தார். நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

"என்னது அது?" என்றாள் ஹில்க்கா.

வில்யோ மெதுவாகப் படிக்கிறவர். இரண்டாம் முயற்சி இருந்த பக்கத்தில் நிறைய நேரம் நின்றார். ஐலி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டாம் பகுதியை அவர் முடித்தபோது நாலாவது கோப்பை ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது.

புதன்கிழமை நடந்தது இந்தக் கதையில் வராது. ரம்பம், பசை, இரண்டு நாள், ஒரு பெட்டியில் மிச்சமிருந்த தோட்டா என எல்லாவற்றையும் உங்களிடம் கொடுத்தாகிவிட்டது. முடிவு நீங்கள் போட்டுக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எழுதுகிறவளிடம் மிச்சம் இருப்பது இவ்வளவுதான்.

வில்யோ இடுப்புக் கத்தியை எடுத்தார். நோட்டின் முதுகில் தையல் நூலை ஒவ்வொன்றாக அறுத்தார். முன்பாதி தனியாக, பின்பாதி தனியாக வந்தது. பின்பாதியைத் தட்டி ஓரம் சேர்த்து, ஐலியின் பக்கம் நகர்த்தினார். நடுவில் ஒரு தாள் மிச்சம். ஒரு பக்கம் அவருடைய செப்டம்பர் ஆறு, பசை ஒட்டிய நாள். மறுபக்கம் ஐலியின் எட்டாம் பகுதி. அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். பிறகு தன் பாதிக்குள் வைத்து, நாலாக மடித்து, சட்டையின் உள்பையில் சொருகிக்கொண்டார்.

"அப்போ தைஸ்தோவுக்குப் போன்?" என்றாள் ஹில்க்கா.

அவர் கோட்டைப் போட்டார். எல்லாப் பொத்தானையும் போட்டார். கதவைத் திறந்து, குளிர் உள்ளே வராமல் உடனே சாத்திவிட்டுப் போனார்.