கப்பலில் மிஞ்சிய கொடி

போர் முடிந்து ஊர் திரும்பிய எனக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து, அழுக்குச் சட்டையோடு துறைமுகத்தை ஒட்டிய பால்மெயின் பகுதியில் தெல்மா வீட்டுக்குப் போனேன். அவள் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள்.

சமையலறைச் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. நாங்கள் கப்பலேறிய அன்று பத்திரிகைக்காரன் எடுத்தது. தெல்மா தன் புருஷன் லெஸ்ஸின் சட்டைக் கழுத்தைப் பிடித்துச் சரிசெய்கிறாள். லெஸ்ஸின் முதுகுதான் தெரியும். ஓரத்தில் என் அரை முகம்.

இன்னொரு போட்டோவை இழுப்பறையிலிருந்து எடுத்து, எனக்கு வைத்த ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"இதுல அவரு எது, ஹோரி?"

கோரல் கடலில் எங்கள் போர்க்கப்பல்மேல் குண்டு விழுந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். ஒரு அதிகாரி, ஒரு சமையல்காரர், கொதிகலன் அறையில் என்னோடு நின்ற லெஸ். அவரவர் படுத்த கித்தான் தூளியிலேயே வைத்துத் தைத்து, காலடியில் இரும்பு கட்டிக் கடலில் விட்டோம். கப்பலின் பல் டாக்டர் ஒரே ஒரு படம் எடுத்து மூன்று வீட்டுக்கும் அனுப்பிவைத்தார். அதில் ஒரு மூட்டை பலகைமேல் கொடி போர்த்தி இருக்கிறது. மற்ற இரண்டும் தரையில் வெறும் கித்தானாகக் கிடக்கின்றன.

"கடைசில இருக்கிறவன்," என்றேன்.

"நினைச்சேன். அதிகாரிக்குக் கொடி. கொதிகலன்காரனுக்கு வெறும் கித்தான்."

அடுப்பருகே நின்ற அவள் தங்கை ஐவி, "மனுஷன் வாயில போட்டதை முழுங்கட்டும்க்கா, அப்புறம் கழுத்தைப் பிடி," என்றாள்.

தெல்மா திரும்பவில்லை. "லீவு முடிஞ்சும் இன்னும் ஒரு நாள் இருங்கன்னு நான்தான் பிடிச்சு வச்சேன். அதுக்கு அவரைக் காவல்ல போட்டாங்கல்ல? அந்தக் குத்தத்துக்குத்தானே கொடி இல்லாமத் தூக்கிப் போட்டாங்க? என்னாலதானே?"

ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

"கொடி கடலுக்குப் போகாது தெல்மா. பலகையைச் சாய்ச்சா ஆளு சறுக்கிப் போவான், கொடி நம்ம கையில நிக்கும். தீயில மத்ததெல்லாம் போய் ஒண்ணுதான் மிச்சம். மூணு பேருக்கும் அதையேதான் மாத்தி மாத்திப் போட்டோம். டாக்டர் முதல் ஆளுக்குப் போத்தினப்பவே படம் எடுத்துட்டுக் கேமராவை மூடிட்டாரு."

"நீ நல்லவன். ஆறுதலுக்குச் சொல்ற."

"ஆறுதல் சொல்லத் தெரிஞ்சிருந்தா எனக்கு எப்பவோ கல்யாணம் ஆகியிருக்கும்."

ஐவி களுக்கென்று சிரித்தாள். தெல்மா சிரிக்கவில்லை.

"கொடியோட ஒரு மூலையைப் பிடிச்சவனே நான்தான்," என்றேன். "லெஸ் முறை வர்றப்ப அது அலை தெறிச்சு நனைஞ்சிருந்தது. கித்தான்ல ஒட்டிக்கிச்சு. அவனோட சேந்து போகப் பாக்குது. 'விடச் சொல்லுடா உன் கூட்டாளியை'ன்னு மறு மூலையைப் பிடிச்ச மூத்த மாலுமி பல்லைக் கடிக்கிறாரு. நானும் இழுக்கிறேன். கடைசியா ஓர் உலுக்கு உலுக்கினதுக்கு அப்புறம்தான் விட்டான்."

தெல்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொல்லைக்குப் போய், கொடிக்கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த ஈர விரிப்பை உருவி வந்தாள்.

"காட்டு."

இஸ்திரிப் பலகையைப் பின்வாசல் கைப்பிடிச் சுவர்மேல் நீட்டி, அதில் உருளைக்கிழங்கு மூட்டையை வைத்தோம். "கிழங்கு நசுங்கினா வாரம் முழுக்க நீதான் தின்னணும்," என்று ஐவி என்னை மிரட்டினாள். விரிப்பைப் போர்த்தி, தலைப்பக்கம் ஒரு மூலையை நானும் மறு மூலையைத் தெல்மாவும் பிடித்தோம். சுவரில் இருந்த போட்டோவில் சட்டைக் கழுத்தைப் பிடித்திருந்த அவளுடைய அதே பிடி.

ஐவி பலகையைத் தூக்கினாள். மூட்டை சறுக்கியது. ஈர விரிப்பு அதோடு ஒட்டிக்கொண்டே போய் விறைத்தது. தெல்மா ஒரு எட்டு முன்னால் இழுபட்டாள்.

"விடமாட்டேங்கிறாரு ஹோரி!"

"உலுக்கு!"

உலுக்கினாள். மூட்டை முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்து வாய் பிரிந்தது. சட்டென்று கனம் போன விரிப்பு காற்றில் எழும்பி எங்கள் முகத்தில் அறைந்தது. அதற்குப் பின்னால் அவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. மூலையை மட்டும் விடவில்லை.

"இப்படித்தான் இருந்துதா?"

"இப்படியேதான்."

"இன்னொரு தடவை," என்றாள்.

ஐவி படியிறங்கிப் போய், சிதறிய கிழங்குகளைப் பொறுக்கி மூட்டையில் போடத் தொடங்கினாள்.