பன்னிரண்டாவது லைக்

சசிரேகாவுக்கு இப்போதெல்லாம் போனைத் தொடவே கை கூசுகிறது.

ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் பல நாடுகளில் பிளான்ட் உண்டு. மெஷின் பழுது பார்ப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். நம் ஆட்களுக்கு அதெல்லாம் சரிப்படுமா? சார் சொன்ன பிறகு சொல்வார்கள், அதுவும் சார் சொன்னதையே.

மெக்சிகோவிலிருந்து மிகேல் என்பவர் கேட்டிருந்தார்: இரும்பை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினில் கரண்டை நிறுத்திவிட்டு உள்ளே கையை விடலாமா? மேனேஜர் புருஷோத்தமன் சார், ஐந்து நிமிடம் பொறுத்தால் போதும் என்று பதில் போட்டார். போதாது. சின்ன வால்வைத் திறந்து எண்ணெய் அழுத்தத்தை இறக்காவிட்டால் மேல்தகடு தானாக இறங்கும். போன ஆடியில் அது சசிரேகாவின் கையுறையைக் கவ்விக்கொண்டது. கை தப்பியது. திட்டு விழுமே என்று அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஊர் உலகமே பார்க்கும் இடத்தில் சாரை எப்படி மறுத்துப் பேசுவது? கான்ட்ராக்டில் கிடந்தவளைப் பர்மனென்ட் ஆக்கியவர் அவர். டீ நேரத்தில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அதற்குள் அவள் லைனில் வேலை பார்க்கும் எல்லோரும் சாருக்கு லைக் போட்டுவிட்டார்கள். தான் மட்டும் போடாவிட்டால் நன்றாக இருக்காது. பன்னிரண்டாவது லைக் அவளுடையது. டீ நேரத்தில் சார் மீட்டிங்கில் இருந்தார். அப்புறம் விட்டுப்போயிற்று.

மூன்றாம் நாள் மிகேலுக்கு வலது கை போயிற்று.

லைக் போட்ட பன்னிரண்டு பேரும் சோதித்துப் பார்த்துத்தான் சரி என்கிறார்கள் என்று நம்பினான் என்று மிகேலின் கூட்டாளி குழுவில் எழுதியிருந்தார். கூட வேலை செய்யும் பாபு அதைப் படித்துக் காட்டினான்.

"இன்னாக்கா இது? லைக்குன்னா சாருக்கு வணக்கம் வெக்கிற மாதிரிதான? அத நம்பி எவனாவது கைய வுடுவானா?"

அன்றிலிருந்து அந்தக் கை அவளை விடவில்லை. கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் பக்கத்தில் அதுவும் பிடித்திருந்தது. சோற்றில் கை வைத்தால் தட்டுக்கு எதிரே கிடந்தது. அதில் மாட்டியிருந்தது அவளுடைய கையுறை.

பத்தாம் நாள் பொறுக்கமாட்டாமல் சாரிடம் போய் வால்வு விஷயத்தைச் சொன்னாள், ஆடியில் நடந்ததையும் சேர்த்து. அவர் கத்துவார் என்று நினைத்தாள். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"தெரிஞ்சிகினேவாம்மா லைக் போட்ட?"

அவர் எதிரிலேயே குழுவைத் திறந்து, அவருடைய பதிலுக்குக் கீழே, இது தவறு என்று தன் பெயரில் எழுதினாள். வால்வைப் பற்றியும் எழுதினாள்.

லைனில் ஒருவரும் லைக் போடவில்லை. சாயங்காலம் ஒன்றே ஒன்று வந்தது. மிகேலுடையது.

இடது கையால் போட்டிருப்பார்.