தாடைக்காரியின் கோணல் பல்

1

இந்தக் கதையைக் கேட்டு முடித்தபோது என் கையிலிருந்த கோப்பை சுவரில் மோதி உடைந்தது என்று தொடங்கத்தான் ஆசை. உடையவில்லை. அதை ஒழுங்காகக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் பாத்திரம் உடைப்பவர்களுக்கெல்லாம் அதைப் பெருக்கி எடுக்க வேறு யாரோ இருக்கிறார்கள். (இந்த வரியை அடித்துவிடலாம். இருக்கட்டும்.)

கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகையின் ஆசிரியர் பயணச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டார். "தனியா ஊர் சுத்தற பொண்ணு, புது ஊரு, காலை நேரம். ஜாலியா இருக்கட்டும் மேடம். உங்க வழக்கமான அழுகாச்சி வேண்டாம்." எனக்கு உடனே என் மாமா மகள் ஞாபகம் வந்தாள். போன மாதம்தான் ஒரு டிவி தொடரின் ரசிகர் மாநாட்டுக்காகத் தன்னந்தனியாக வேறொரு நகரத்துக்குப் போய்வந்தாள். நாலு விவரம் கேட்டு வாங்கிக்கொண்டால் கதை தயார் என்று போன் போட்டேன்.

"ஊரு எப்படிடி இருந்துச்சு?"

"காலையில நல்லா இருந்துச்சுக்கா" என்றாள். அதற்கப்புறம் நான் பேசவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

2

[முதல் தொடக்கம்] ரயில் நின்றபோது நகரம் இன்னும் கண்விழித்திருக்கவில்லை. பனிமூட்டத்தின் நடுவே ஒரு பெண்

வேண்டாம். மூட்டமெல்லாம் எதுவும் இல்லையாம். பளிச்சென்று வெயில்.

[இரண்டாவது தொடக்கம்] அவளை யாரோ பின்தொடர்வது போல

இதுவும் வேண்டாம். ஒரு பெண் தனியாக ரயிலேறினாள் என்றதுமே என் பேனா ஏன் அவளைத் துரத்த ஆள் தேடுகிறது? யாரும் துரத்தவில்லை. அவளும் யாரிடமிருந்தும் ஓடவில்லை. கணவன்தான் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டான். அவனுக்கு அந்தத் தொடர் பிடிக்காது, அவ்வளவுதான் விஷயம்.

சரி, நேராகவே சொல்கிறேன். அவள் பல் கட்டும் ஆய்வகத்தில் டெக்னீஷியன். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் ஈறு இழைத்து, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, செட் செய்து தருவாள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் பல்லி. கோபப்பட வேண்டிய பெயர்தான். அவள் அதையே ரசிகர் குழுவிலும் தன் பெயராகப் போட்டுக்கொண்டாள்.

அவள் பைத்தியமாக இருந்த தொடர் ஒரு கார்ட்டூன். வற்றிப்போன கடலில் சக்கரம் கட்டிய கப்பலை ஓட்டும் ஒரு கிழவியின் கதை. கிழவிக்கு இரும்புத் தாடை, அதனால் தாடைக்காரி. பல்லியும் அவள் அப்பாவும், அதாவது என் தாய்மாமாவும், சோபாவில் அக்கம்பக்கம் உட்கார்ந்து ஒரு பாகம் விடாமல் பார்ப்பார்கள். மாமா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தாடைக்காரி கப்பலைத் திருப்பும்போதெல்லாம் "கியரை மாத்தாம திருப்பறா பாரு" என்று டிவியைத் திட்டுவார்.

அந்த மாமாவுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் கோணல். பக்கத்துப் பல்லின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும். வயதான பிறகு எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு செட் கட்ட வேண்டிவந்தபோது மகள்தான் கட்டினாள். வரிசையாக, அழகாக வைத்துக் காட்டினாள். மனுஷன் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"இதை வெச்சுக்கிட்டுப் போனா உங்கம்மா கதவைத் திறக்கமாட்டா. என் பல்லை எனக்குக் குடு."

கோணலைக் கோணலாகவே மறுபடி கட்டிக் கொடுத்தாள். அந்தச் சிரிப்போடுதான் மாமா கடைசிவரை இருந்தார். அவர் போன பிறகு, மாநாட்டில் நடக்கும் வேஷப் போட்டிக்காகத் தாடைக்காரியின் முகமூடியை அவள் செய்தபோது, அதன் வாயில் அதே பல்வரிசையைப் பொருத்தினாள். படத்தில் தாடைக்காரிக்குப் பல் தெளிவாகத் தெரியாது. அந்த இடம் காலியாக இருந்தது. அப்பாவை வைத்தாள்.

* இந்த இடத்தில் அவள் குரல் தழுதழுத்தது என்று எழுதப் போனேன். "எது வேணா எழுது, நான் அழுதேன்னு மட்டும் எழுதாத" என்று முன்பே சொல்லிவிட்டாள். அழவும் இல்லை.

3

இப்போது ஆசிரியர் கேட்ட ஜாலியான காலை. இதை நான் சுருக்கமாட்டேன். அந்தக் காலை அவளுக்குச் சொந்தமாக இருந்தது.

மாநாடு மதியம்தான். ஸ்டேஷனில் பெட்டி வைக்கும் அறை பூட்டிக் கிடந்ததால் முகமூடிப் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டே நடந்தாள். ஒரு பாலத்தில் நின்று கீழே படகுகளைக் கழுவுகிறவர்களைப் பார்த்தாள். வேண்டுமென்றே வழி தவறினாள். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்க ஆளில்லாத ஊரில் இடதா வலதா என்று முடிவெடுப்பதே ஒரு சுகம் என்றாள். ஒரு சந்தில் பல் மருத்துவச் சாமான் விற்கும் கடை. திறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பல் நிறங்களின் மாதிரிகளை விசிறி மாதிரி விரித்து வைத்திருந்தார்கள். நகைக்கடை வாசலில் மற்றவர்கள் நிற்பதுபோல அங்கே நின்றிருக்கிறாள்.

ரொட்டிக் கடையில் ஒரு பெரியவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "கேக்காம்மா உள்ள?" என்றாராம்.

"இல்லைங்க, மூஞ்சி."

அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். இதைச் சொல்லும்போது பல்லி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் கடைசி.

4

மாநாட்டு அரங்கத்துக்குப் போகும் தெருவில் கடைகள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. ஒரு கடைக்காரம்மா நீளக் கொக்கியால் சரக்குகளை வாசலில் மாட்டிக்கொண்டிருந்தார். தாடைக்காரி முகமூடிகள். பெரியது, நடுத்தரம், குழந்தைகளுக்குச் சின்னது. கொத்துக்கொத்தாக.

முதலில் சந்தோஷப்பட்டாளாம். நம்ம தாடைக்காரிக்கு இவ்வளவு மவுசா என்று. கிட்டே போனாள்.

"எடுத்துப் பாரும்மா. அசல் மாநாட்டு ஐட்டம்" என்றார் கடைக்காரம்மா. "அந்தக் கீழ்ப்பல்லு ஒண்ணு மட்டும் கோணலா இருக்கும். டேமேஜ்னு நினைச்சுக்காத. எல்லாத்துலயும் அப்படித்தான் வருது."

"அது டேமேஜ் இல்லைங்க" என்றாள் பல்லி. "அது எங்கப்பா."

கடைக்காரம்மாவுக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணுக்கு நேராகத் தொங்கிய ஒன்றை மட்டும் கழற்றிக் கல்லாவுக்குக் கீழே வைத்தார். "அரங்கத்துக்கு உள்ள இருக்கிறவங்கதான்மா பெட்டி பெட்டியா இறக்கினாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

கோபத்தில் மோசமானது இதுதான். முதலில் எதிரே கிடைப்பவர் மேல் அதைக் கொட்ட முடியாது. அவர் நல்லவராக இருந்து தொலைப்பார்.

* எப்படிப் போனது என்று கேட்பீர்கள். அவளே கொடுத்தாள். முகமூடியை ஆய்வக ஸ்கேனரில் வைத்து எடுத்த 3டி அச்சுக் கோப்பை ரசிகர் குழுவில் போட்டாள்: "வீட்டில் செய்து போட்டுக்கொள்ள மட்டும். விற்பதற்கு இல்லை." கீழே முதல் ஆளாக இதயம் போட்டவன் குழுவின் நிர்வாகி, மாலுமி என்ற புனைபெயர்க்காரன். மாநாட்டை நடத்துகிறவனும் அவன்தான்.

5

அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஏணியும் ஒயருமாக வேலை நடந்துகொண்டிருந்தது. மாலுமியை அவள் நேரில் பார்த்ததில்லை. கழுத்து அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். தன் பெயரைச் சொன்னதும் அவன் துள்ளிக் குதித்தான்.

"பல்லி! நீங்கதானா அது! டேய், யாரு வந்திருக்காங்க பாருங்கடா! முகமூடியைப் பாத்தீங்களா? எப்படி வந்திருக்கு! நம்ம கனவுங்க இது. நம்ம தாடைக்காரி ஊர் பூரா!"

"விக்கக்கூடாதுன்னு எழுதியிருந்தேனே."

"அட, வெளியாளுக்கா வித்தோம்? நம்ம ஜனங்களுக்குத்தானே? நாமெல்லாம் ஒரே குடும்பம்."

"அப்ப, செஞ்சது நான்னு ஒரு வார்த்தை போடுங்க. பெட்டி மேல."

அவன் தலையைச் சொறிந்தான். "அது எங்க டீம்ல பேசணும். எங்க கையில மட்டும் இல்லை. உங்க பேரைப் போட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

இங்கே கதையைச் சற்று நிறுத்துகிறேன். 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு வைத்திருக்கும் மொழியில் எழுதுகிறேன். கேட்கிற ஆளையும் சேர்த்தால் நாம். வெளியே நிறுத்தினால் நாங்கள். பள்ளிக்கூடத்தில் இதை இலக்கணம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எடுத்துக்கொள்ளும்போது 'நம்ம', கொடுக்கச் சொன்னால் 'எங்க'. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அவளைக் குடும்பத்துக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். சிரித்த முகம் மாறாமல்.

(அவனை இன்னும் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். தங்கச் சங்கிலி போட்டேன், பேச்சில் நக்கல் ஏற்றினேன். படிப்பதற்குச் சுலபமாக இருந்தது. பொய்யாகவும் இருந்தது. அவன் நிஜமாகவே அந்தத் தொடரை நேசிக்கிறான். நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கொள்ளையடிப்பவனை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை.)

6

அவள் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. "எதுக்குக்கா போகணும்? நான் போட்டிக்கு வந்தவ" என்றாள்.

மதியம் அரங்கத்து வாசலில், போட்டிக்குப் பெயர் கொடுக்கும் மேஜையில் கல்லூரிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் தாடைக்காரியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டிருந்தாள். பல்லி பெட்டியைத் திறந்து தன்னுடையதை வெளியே எடுத்தாள். அந்தப் பெண் ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"சாரிக்கா. கடையில வாங்கினது போட்டிக்கு ஆகாது. சொந்தமா செஞ்சதுதான் எடுப்போம்."

"இது நான் செஞ்சது."

"காலையிலேர்ந்து எல்லாரும் இதையேதான் சொல்றாங்க." தன் தலையிலிருந்ததைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். "பாருங்க, பல்லு முதற்கொண்டு ஒண்ணுதான்."

இரண்டும் மேஜை மேல் அருகருகே கிடந்தன. பின்னால் வரிசை நீண்டது. வரிசையிலும் ஏழெட்டுத் தாடைக்காரிகள். மாமாவின் வாயை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டும் சீண்டிக்கொண்டும் நின்றார்கள். யாரோ ஒருவன், "அக்கா, சீக்கிரம் நகருங்க" என்றான். அந்த வாய் வழியாகத்தான் சொன்னான்.

பல்லி தலையைத் தூக்கிப் பார்த்தாள். கதவுக்கு உள்ளே, மேடையோரம் மாலுமி நின்றிருந்தான். அவனும் பார்த்தான். மேஜையைப் பார்த்தான், இரண்டு முகமூடிகளையும் பார்த்தான். அங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

7

இந்த இடத்துக்கு மேல் நான் சில முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் அவள் மேடையேறி மைக்கைப் பிடுங்குகிறாள். உண்மையைக் கேட்ட கூட்டம் ஒவ்வொருவராக முகமூடியைக் கழற்றிக் கீழே வைக்கிறது. எழுதும்போது எனக்கே புல்லரித்தது. ஆனால் அப்படியொரு கூட்டத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவதில் வழக்குப் போடுகிறாள், வெ

இதற்குமேல் கை ஓடவில்லை.

மூன்றாவது ஆசிரியர் போனில் சொன்னது. "ஒரு குழந்தை அந்த முகமூடியைப் போட்டுக்கிட்டு அவளைப் பாத்து சிரிக்குது. அப்பா ஆயிரம் முகத்துல சிரிக்கிறாருன்னு அவளுக்குத் தோணுது. மன்னிச்சிடறா. என்ன ஒரு முடிவு மேடம்! பயணச் சிறப்பிதழுக்கும் சரியா வரும்."

"செத்துப்போனது என் மாமா சார்" என்றேன். "சிரிக்கிறது பிளாஸ்டிக்."

"கோபமா எழுதாதீங்க. வாசகர்கள் டென்ஷன் ஆவாங்க."

ஆகட்டும். இத்தனை நேரம் படித்துவிட்டு டென்ஷன் ஆகாமல் இருப்பவர்கள் என் வாசகர்களாக இருக்க வேண்டியதில்லை.

8

நடந்தது இதுதான்.

பல்லி தன் முகமூடியை மறுபடி கையில் எடுத்தாள். தாடைக்கு உள்பக்கம் கட்டைவிரலை விட்டு அழுத்தினாள். பல்வரிசையை அவள் ஒட்டியிருக்கவில்லை. வாயில் செட் மாட்டுவது போலத்தான் மாட்டியிருந்தாள். 'டக்' என்று கழன்று கையில் விழுந்தது. மேஜைப் பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"ஐயோ, அக்கா, இது நிஜப் பல்லா?"

"செட்டுதான். பயப்படாத."

அதைத் துடைத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தாள். பொக்கை வாயோடு கிடந்த முகமூடியை மேஜையின் குறுக்கே தள்ளினாள். இரவெல்லாம் விழித்து இழைத்தது அது.

"நீ சொன்னது சரிம்மா. கடையில வாங்கினதாவே இருக்கட்டும். அதோ அந்த மாலுமிகிட்ட குடுத்துடு. மிச்சத்தையும் அவரே வெச்சுக்கட்டும்."

அந்தப் பெண் முகமூடியையும் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த தன்னுடையதையும் பார்த்தாள். "அக்கா, ஒரு நிமிஷம், நீங்க..." என்று எழுந்தாள். பல்லி அதற்குள் வரிசையை விட்டு விலகியிருந்தாள்.

வலப்பக்கம் அரங்கத்துக்குள் போகும் கதவு. இடப்பக்கம் ஸ்டேஷனுக்குப் போகும் தெரு.

"எந்தப் பக்கம்டி போனே?" என்று கேட்டேன். கதை எழுதுகிறவளின் அவசரம்.

"வேற எல்லாம் சொல்லிட்டேன்ல. எழுதிக்கோ" என்றாள். "அதுக்கப்புறம் நடந்தது என்னோடது. அதைத் தரமாட்டேன்."

9

கதையை இப்படியே அனுப்பிவிட்டேன். "முடிவு விடுபட்டிருக்கிறது" என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். விடுபடவில்லை. எனக்குத் தரப்படவில்லை. பக்கம் காலியாக இருக்கிறதே, யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒன்றை இட்டு நிரப்ப எனக்குத் தெரியாமலா? அதுதான் என் தொழிலே.

படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கும் ஒரு முடிவு தோன்றியிருக்கும். நல்ல முடிவாகவே இருக்கும். அதை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுடையது வேண்டுமென்றால் அவளைத்தான் கேட்க வேண்டும். இல்லை என்று சொன்னால், இல்லைதான்.