வாயில் வராத தண்ணீர்

கம்பெனிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் அன்று மாலையே தண்ணீரைப் பற்றிப் பேசும் திறன் போய்விட்டது. மற்ற பேச்செல்லாம் முன்போலவே வந்தது. விலைவாசி, சம்பந்திச் சண்டை, பக்கத்து வீட்டுக்காரரின் கஞ்சத்தனம் என எதற்கும் குறைவில்லை. தண்ணீர் என்று தொடங்கினால் மட்டும் உதடு அசையும், சத்தம் வராது. எழுதப் போனால் பேனாவில் மை காய்ந்துவிடும், சைகை காட்டப் போனால் கை மரத்துவிடும். வந்தவர்களிடம் குடிக்க ஏதாவது வேண்டுமா என்றுகூடக் கேட்க முடியாததால், உபசாரம் தெரியாத ஊர் என்ற கெட்ட பெயர் நாலு பக்கமும் பரவியது.

எரிவாயுக் கம்பெனி வந்தது அதற்கு நான்கு வருடம் முன்பு. பூமிக்குள் வெகு ஆழத்துக்குத் துளை போட்டு, மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரை அசுர வேகத்தில் இறக்கி, பாறையைப் பிளந்து வாயுவை எடுத்தார்கள். பொய் சொல்லக் கூடாது, நல்லதும் நடந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது, சாலைக்குத் தார் வந்தது, சும்மா திரிந்தவர்களுக்கு வேலை வந்தது. ஊர்த் தையல்காரி ஒருத்தியின் புருஷன் டேங்கர் லாரி ஓட்டினான். மூன்றாம் வருடம் கிணறுகளில் மண்ணெண்ணெய் வாடை வந்தது. நாலாம் வருடம் குழாயடியில் தீக்குச்சி கிழித்தால் தண்ணீர் பற்றிக்கொண்டது. மரியாதை தெரிந்த கம்பெனி அது. திங்கட்கிழமைதோறும் வீட்டுக்கு இரண்டு கேன் நல்ல தண்ணீர் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றது. அரை விரல் துணிக்கு மூன்று தடவை நாடா பிடித்துப் பார்க்கும் தையல்காரி, பத்துப் பக்கத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டுக் கொடுத்தாள். அவளும் அவளைச் சார்ந்தவர்களும் ஊர்த் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று எட்டாம் பக்கத்தில் இருந்தது.

இரண்டு கேனும் புதன்கிழமையே தீர்ந்துவிடும். மிச்ச நாளுக்குக் குழாய்தான். எட்டு வயது மகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் வந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. பக்கத்து நகரத்து டாக்டரம்மா, "பாப்பா என்ன சாப்பிடுறா, என்ன குடிக்கிறா?" என்று கேட்டாள். தாயும் மகளும் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். டாக்டரம்மா பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தாள். மூன்று தடவை போனார்கள், மூன்று தடவையும் பூச்சி மருந்துதான்.

"விடு. அவங்க குடுக்கிற சம்பளத்துலதான் வயித்தைக் கழுவுறோம்," என்றான் புருஷன்.

"மொதல்ல உங்க பொண்ணு வயித்தைப் பாருங்க," என்றாள் அவள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனி மேல் கோபம், புருஷன் மேல் கோபம், எல்லாவற்றையும்விடத் தன் கையெழுத்தின் மேல் கோபம். அன்று முழுக்க மெஷினில் உட்கார்ந்து யாரோ ஒருத்தியின் ரவிக்கையைத் தைத்துத் தைத்துப் பிரித்தாள். பிறகு குழாயைத் திறந்து ஒரு பாட்டில் நிறையப் பிடித்துக்கொண்டு, மகளை இழுத்துக்கொண்டு நாலாவது தடவையாக பஸ் ஏறினாள்.

டாக்டரம்மாவின் மேசையில் இருந்த தட்டில் பாட்டிலைக் கவிழ்த்துத் தீக்குச்சி கிழித்தாள். தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்று பத்துப் பக்கத்திலும் எங்கும் இல்லை. தட்டு நீலமாக எரிந்தது. டாக்டரம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, தீயையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதையா குடிக்கிறா?"

ஆமாம் என்று தலையாட்டக் கழுத்து மறுத்தது. அழ மட்டும் முடிந்தது.

"இன்னிக்கே பிள்ளைய வேற ஊருக்கு அனுப்பிடுங்க," என்றாள் டாக்டரம்மா.

மகள் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். இரண்டே மாதத்தில் கொப்புளம் காய்ந்தது. தையல்காரி அன்றிலிருந்து தினம் காலையில் வாசலில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர் வைத்துக் கொளுத்தினாள். அடுத்த வாரம் முடிவெட்டுகிறவர் கொளுத்தினார், அதற்கடுத்த வாரம் பேக்கரிக்காரர். பிறகு தெருவே கொளுத்தியது. முதலீடு போடுகிறவர்கள் ஊரைப் பார்க்க வருகிற நாளில் கம்பெனி அதிகாரி ஓடி வந்தார்.

"பெரியவங்க வர்ற நேரம். அணைச்சிடும்மா."

"அணைச்சிடறேன் சார். எதை ஊத்தி அணைக்கட்டும்?"

அதிகாரி வாயைத் திறந்தார். வேலையில் சேர்ந்த அன்றே அவரும் அதே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். உதடு அசைந்தது. தையல்காரி ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கட்டும் என்று பொறுமையாக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்று தடவை முயன்றுவிட்டு அண்டாவைச் சுற்றிக்கொண்டு காருக்குப் போனார்.

இப்போதும் அந்த ஊரில் வாசலுக்கு வாசல் தண்ணீர் எரிகிறது. நடக்கிறவர்கள் ஒதுங்கி நடக்கிறார்கள், லாரிகள் மெதுவாகப் போகின்றன. தையல்காரியின் மகள் பெரியம்மா வீட்டில்தான் வளர்கிறாள். அம்மாவைப் பார்க்க வந்தால், தாகம் எடுப்பதற்குள் பஸ் ஏற்றி விட்டுவிடுகிறார்கள்.