ஐவி டீச்சர் போட்ட தண்ணீர்க்கோடு

ஐவி டீச்சர் வகுப்புச் சுவரில் கரித்துண்டால் கோடு இழுத்தால், அந்தக் கோடு வரைக்கும் தண்ணீர் வந்து நிற்கும். கோட்டை அழித்தால் வடிந்துவிடும். கதவும் ஜன்னலும் திறந்திருந்தாலும் அது சுவரைத் தாண்டி வெளியே போனதில்லை. நிலைப்படியோடு கண்ணாடிப் பலகை போலச் செங்குத்தாக நின்றது. மயிலாப்பூருக்குத் தெற்கே, அடையாற்றங்கரையில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாய்களை ஒட்டிய சந்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷத்து ஆடி மாதத்திலிருந்து புதன்கிழமைதோறும் இது நடந்தது. தண்ணீர் ஆற்றுத் தண்ணீர்தான், கொஞ்சம் உப்புக் கரிக்கும். சில வாரங்களில் சிலேட்டுப் பைக்குள் கெளுத்தி அகப்படும். அதைக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு, துணி நனைந்ததற்காகத் தாய்மார்கள் டீச்சரைத் திட்டினார்கள்.

முதல் தடவை அவள் வேண்டுமென்று செய்யவில்லை. முந்தின மழைக்காலத்தில் ஆறு கரையேறியபோது பெரியவர்கள் பெட்டியையும் அரிசிப் பானையையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளைகளைத் தூக்கக் கை மிஞ்சவில்லை. காளவாயில் வேலை செய்த ஆரோக்கியநாதனின் இரட்டைப் பெண்களில் ஒருத்தி ஆற்றோடு போய்விட்டாள். இனி யார் தூக்காவிட்டாலும் பிள்ளைகள் தாமாகவே காளவாய் மேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று டீச்சருக்குப் பட்டது. தண்ணீர் எவ்வளவு நின்றது என்று காட்டத்தான் முதல் கோட்டைப் போட்டாள். போட்டு முடிக்குமுன் அவள் புடவை மிதந்தது. பிள்ளைகளின் மார்பு வரை தண்ணீர். யாரும் அலறவில்லை. அவளும் பாடத்தை நிறுத்தவில்லை.

பெரிய பிள்ளை ஒன்று, சின்னப் பிள்ளை ஒன்றாக ஜோடி சேர்ந்து, இடுப்போடு இடுப்பாகத் துணி முடிந்துகொள்ள வேண்டும். காலைத் தூக்கக் கூடாது. தரையோடு தேய்த்துக்கொண்டே, கட்டைவிரலால் சாக்கடை விளிம்பைத் தடவிப் பார்த்து நடக்க வேண்டும். முடிச்சு அவிழ்ந்தால் நின்று கத்த வேண்டும். இரண்டு வருஷத்தில் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்தார்கள். மெத்தை தைக்கும் பீர் முஹம்மதுவின் மகள் சகினா எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. அவள் முடிந்த முடிச்சு ஈரத்தில் இன்னும் இறுகும்.

சந்துக்கு இது பிடிக்கவில்லை. தண்ணீரைக் கூப்பிடுகிற பெண்பிள்ளை என்று பேர் வந்தது. பால்காரன் அவள் வீட்டுப்பக்கம் வருவதை நிறுத்தினான். மாதா கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. கடைசியில் ஒரு புதன்கிழமை பீர் முஹம்மதுவும், துரை பங்களாவில் பட்லராக இருந்த ஆம்ப்ரோஸும் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார்கள். அப்போதுதான் வடிந்த தரையில் அவர்களுடைய செருப்புகள் வழுக்கின.

“இன்னாத்துக்கு டீச்சரம்மா மார் வரைக்கும் இழுக்கற? ஆத்துக்கே நீ அளவு சொல்லிக் குடுக்கறியா?” என்றார் பீர் முஹம்மது.

“நான் போடறதால ஆறு வராதுங்க, பாய். வந்தா இவ்வளவு வரும்னுதான்...”

“நீ போட்டா இந்த ரூமுக்குள்ள மட்டும் எப்டி வந்துச்சாம்?”

இரண்டு வருஷமாக அவளே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது.

ஆம்ப்ரோஸ் குரலைத் தணித்தார். “ஃபைட்டு இன்னாத்துக்கு? கொஞ்சம் கொறச்சுப் போடு ஐவிம்மா. முட்டி வரைக்கும் வச்சுக்க.”

“முட்டியா? உனக்கு இன்னாப்பா, துரை வூட்டு மாடில படுத்துக்குவ. என் பஞ்சு மூட்டை தரையில கீது. கணுக்கால். அதுக்கு மேல ஒரு விரக்கடை ஏறக் கூடாது.”

கத்தரிக்காய்க்கு விலை பேசுவதுபோல் கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கணுக்காலில் முடித்தார்கள். கரித்துண்டை அவள் கையில் கொடுத்து, எதிரிலேயே போடச் சொன்னார்கள். தன் கோடு ஆற்றைக் கூப்பிடாது என்று அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. கணுக்காலில் போட்டாள். தண்ணீர் கணுக்காலில் வந்து நின்றது. ஆண்கள் தங்கள் பாதங்களைக் குனிந்து பார்த்துவிட்டு, திருப்தியாகப் போனார்கள்.

அந்த வருஷம்தான் சகினாவின் தம்பி ஹனீஃபா பள்ளியில் சேர்ந்தான். கணுக்கால் தண்ணீரில் இடுப்பில் துணி முடிவது கோமாளித்தனமாக இருந்தது, பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். சின்னவர்கள் காலைத் தூக்கித் தூக்கிக் குதித்து விளையாடினார்கள். ஹனீஃபா எல்லோரையும்விட உயரமாகத் தண்ணீரை அடித்தான். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒரு விரற்கடையாவது ஏற்றிவிடலாமா என்று கரித்துண்டை எடுப்பாள், வாசலில் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள், கீழே வைத்துவிடுவாள்.

முப்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில், ஒரு பிற்பகல், ஆறு கரையேறி மார்பு வரை வந்தது. பழைய பிள்ளைகள் சொல்லாமலே இடுப்பில் முடிந்துகொண்டு காலைத் தேய்த்து மேட்டுக்குப் போனார்கள்; போகிற வழியில் மூன்று பெரியவர்களையும் சேர்த்துக் கட்டி இழுத்துப் போனார்கள். சகினா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துணியை முடியப் பார்த்தாள். அவன் தனக்குத் தெரிந்தபடி காலைத் தூக்கி வைத்தான். அங்கே சாக்கடை இருந்தது; அவள் பிடியிலிருந்து நழுவி அவன் தண்ணீரோடு போனான். பீர் முஹம்மது அப்போது பஞ்சு மூட்டைகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வடிந்ததும் சந்து முன்னிலும் மூர்க்கமாயிற்று. அவள் வீட்டுக் கதவில் சாணி அடித்தார்கள். பீர் முஹம்மது பள்ளி வாசலில் நின்று கத்தினார்: “நாங்க கொறைக்கச் சொன்னா நீ கொறைச்சுடுவியா? நீ டீச்சரா, காய்கறிக்காரியா? அடிச்சாவது சொல்லிக் குடுத்திருக்க வேணாம்?” அந்தக் கேள்வியையும் அவள் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பிழைத்த பிள்ளைகளில் பாதிப் பேர் குளிக்க மறுத்தார்கள். ஆரோக்கியநாதனின் மற்றொரு பெண் செம்பில் தண்ணீரைக் கண்டாலே நடுங்கினாள். டீச்சர் சுவரின் அடியில், பாதம் நனையும் அளவுக்குக் கோடு போட்டு அவர்களை உட்காரவைத்தாள். ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் ஏற்றினாள். பிறகு இன்னும் கொஞ்சம். பங்குனிக்குள் எல்லோரும் இடுப்பு வரை வந்துவிட்டார்கள். சகினாவும் வந்தாள். டீச்சரோடு பேசினாள், தோழிகளோடு பேசினாள். வீட்டில் மட்டும் பீர் முஹம்மதுவுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு அத்தாவின் முகத்தைப் பாராமல் போய்விடுவாள்.

அடுத்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பெரியவர்கள் தாமாகவே வகுப்புக்கு வந்தார்கள். ஒருவரும் டீச்சருக்கு வணக்கம் சொல்லவில்லை. “போடு,” என்றார் ஆம்ப்ரோஸ், எங்கேயோ பார்த்துக்கொண்டு. அவள் முக்காலியில் ஏறி, ஆண்களின் கழுத்து அளவுக்குக் கோட்டை இழுத்தாள். தண்ணீர் வந்தது. பெண்கள் கொண்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பீர் முஹம்மதுவின் தாடி மிதந்தது. அவருக்கு ஜோடியாக யாரும் முன்வராததால் டீச்சரே இறங்கி, தன் இடுப்பிலிருந்து அவர் இடுப்புக்குத் துணியை முடிந்தாள். அவர் தடுக்கவுமில்லை, அவளைப் பார்க்கவுமில்லை. முதல் அடியை வைக்கக் காலைத் தூக்கினார்.

பிள்ளைகள் வெளியே, ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த தரையில் நின்றார்கள்.

“தூக்காத!” என்று கூட்டத்துக்குள்ளிருந்து சகினா வெடித்தாள். “காலைத் தூக்காத அத்தா! தேச்சுக்கினே போ! எத்தினி வாட்டி சொல்றது?”

பீர் முஹம்மது காலை மெல்லத் தரையில் வைத்தார். தேய்த்துக்கொண்டே நடந்தார்.