நாடாவில் ஏறாதவர்கள்

தங்கம் கோபால் படிக்க ஆரம்பித்த புதிதில் வீட்டில் ஒரு ரகளை நடந்தது. சாப்பிட உட்கார்ந்தால்கூட "கோபால் இதை ஒத்துக்காது, கோபால்ல வேற மாதிரி சொல்லணும்" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அம்மா பூவம்மா சில நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாருடி அந்தக் கோபால்? எங்க வேலை பாக்குறான்?" என்று கேட்டேவிட்டாள்.

அது ஆள் இல்லை, COBOL என்று கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் ஒரு பாஷை என்று தங்கம் விளக்கி முடிப்பதற்குள் சிங்கப்பூரில் அவர்கள் குடியிருந்த கெர்பாவ் ரோட்டில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் ஆபீசில் இதைச் சொன்னபோது பரீதாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்குக் கையும் இல்ல காலும் இல்ல, குளிர் ரூம்லதான் இருப்பாருன்னு சொல்லிடு லா."

ராபின்சன் ரோட்டில் ஒரு காப்புறுதி (இன்சூரன்ஸ்) நிறுவனத்தின் பஞ்ச் ரூமில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவர்கள். காப்புறுதி எடுத்தவர்களின் பெயர், வயது, முகவரியெல்லாம் அட்டையில் துளைகளாகப் போடுவதுதான் அந்த அறையின் வேலை. பரீதா மூத்தவள். சிறுமியாக நாகப்பட்டினத்திலிருந்து வந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணமாகி, இங்கேயே விதவையானவள். கேலாங்கில் தனியாக ஓர் அறையில் இருந்தாள். குடியுரிமைக்கு எழுதிப் போடலாம், போடலாம் என்று புருஷன் காதர் மைதீன் தள்ளிப்போட்டே காலமாகிவிட்டார். அதனால் அவளிடம் இருந்தது பிரஜை அல்லாதவர்களுக்கான நீல அடையாள அட்டை. ஆபீஸ் எழுதிக் கொடுத்தால்தான் வேலை பர்மிட் கிடைக்கும்.

அந்த வருஷம், அறுபத்தெட்டில், நிறுவனம் கம்ப்யூட்டர் வாங்கியது. அதைக் கவனிக்க வந்த மேலாளர் சேதுபதி பஞ்ச் ரூமில் ஒரு பரீட்சை வைத்தார். பிரஜைகள் மட்டும் எழுதலாம் என்றார்கள். தங்கம் தேறி, ஆபீஸ் செலவில் கோபால் பாடத்துக்குப் போனாள்.

"பழகறதுக்குச் சின்ன வேலை ஒண்ணு தர்றேன்" என்றார் சேதுபதி. "பழைய அட்டையில இருக்கிறதெல்லாம் காந்த நாடாவுக்கு ஏறணும். அவ்வளவுதான்."

தங்கம் கட்டளைகளைத் தாளில் எழுதுவாள். ஒவ்வொரு வரியையும் பரீதா அட்டையில் துளையிட்டுக் கொடுப்பாள். கம்ப்யூட்டரைத் தொட வாரத்துக்கு ஒருமுறைதான் முறை வரும் என்பதால் ஒரு எழுத்துப் பிசகினாலும் ஒரு வாரம் போச்சு. பரீதாவின் அட்டைகளில் பிசகு இருந்ததே இல்லை. பிசகெல்லாம் தங்கத்தினுடையவை.

முதல் தடவை நாடாவில் ஏறியதை அச்சடித்துப் பார்த்தபோது சேதுபதி நெற்றியைச் சுருக்கினார். ஆயிரக்கணக்கான பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கம்கூட இல்லை. வந்திருந்த பெயர்கள் எல்லாம் இறந்துபோனவர்களுடையவை. தங்கம் மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து தேடினாள். ஆள் இறந்திருந்தால் ஒரு குறி போடு என்று சொன்ன வரிக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைக்க மறந்திருந்தாள். அதனால் நாடாவில் எழுது என்ற அடுத்த கட்டளையும் இறந்தவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது.

"உயிரோட இருக்கிறவங்களை விட்டுடுச்சே உன் மெஷின்" என்றாள் பரீதா.

தங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. ஒரு புள்ளிக்குள் இத்தனை இருக்கிறதா என்ற ஆச்சரியமும் வந்தது. அன்றிலிருந்து அந்தப் பாஷை அவளைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் போகும்போதும் மனம் வரிகளையே அடுக்கிக்கொண்டிருந்தது.

அப்படியொரு நாளில்தான் சேதுபதி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். நாடா சரியாக வந்துவிட்டால் பஞ்ச் ரூமில் மூன்று பேர் போதும். மற்றவர்களை நிறுத்திவிடுவார்கள். நீல அட்டைக்காரர்கள் முதலில்.

"பரீதாக்காவையும் இந்தப் பாடத்துக்கு அனுப்பலாமே, சார்."

"மேல கேட்டுட்டேன், தங்கம். பிரஜை இல்லாதவங்களுக்குச் செலவு பண்ண மாட்டாங்களாம். இப்ப யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

தங்கம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம் என்று காலையில் நினைப்பாள். பரீதா டிபன் டப்பாவைத் திறந்து மீன் துண்டை அவள் பக்கம் தள்ளும்போது வாய் வராது. சொல்லிவிட்டால் பரீதா போட்டுத்தரும் அட்டைகள் நின்றுவிடுமோ என்ற பயமும் உள்ளே இருந்தது. அதை நினைத்து அவளுக்கே தன்மேல் கூச்சமாக இருந்தது. ஆனாலும் எழுதுவதை நிறுத்த முடியவில்லை.

கடைசி வரிகளைக் கொடுத்த அன்று தாங்க முடியாமல் மாடிப்படியில் வைத்துச் சொல்லிவிட்டாள். பரீதா முகம் மாறாமல் கேட்டுக்கொண்டாள்.

"தெரியும்."

"யாரு சொன்னது, அக்கா?"

"யார் சொல்லணும்? வரி வரியா துளை போட்டவ நான். படிக்காமலா போட்டேன்? பழைய அட்டையைப் படி, நாடால எழுது, அட்டை தீர்ந்தா நிறுத்து. இங்கிலீஷ்ல பச்சையாத்தானே இருக்கு. அட்டையே வேணாம்னா அட்டை போடறவ எதுக்கு?"

"அப்புறம் ஏன்க்கா போட்டுக் குடுத்தீங்க?"

"நான் போடலன்னா இன்னொருத்தி போடுவா. தப்புத் தப்பா போடுவா. உன் பேருதான் கெடும்." பரீதா முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டாள். "ஆனா நீயா வந்து சொல்லுவேன்னு தினமும் பாத்துக்கிட்டிருந்தேன், தங்கம். அதுதான் ஒரு மாதிரியா இருந்துச்சு."

பரீதா படியிறங்கிப் போய்விட்டாள்.

கம்ப்யூட்டரில் கடைசியாக ஓட்டிப் பார்த்த அன்று தங்கம் சேதுபதியிடம் கெஞ்சிப் பரீதாவை அது இருந்த குளிர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அட்டைக் கட்டைப் பரீதாவே வைத்தாள், பொத்தானையும் அவளே அழுத்தினாள். அட்டைகள் சடசடவென்று உள்ளே ஓடின, நாடா சுற்றியது. பரீதா இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தத் தடவை இருந்தவர்களும் இறந்தவர்களும் ஒருவர் விடாமல் வந்துவிட்டார்கள்.

"அழகா இருக்கு" என்றாள் மெதுவாக. "நானும் படிச்சிருப்பேன் லா."

மாத முடிவில் அவளை நிறுத்தினார்கள். வேறு இரண்டு ஆபீஸ்களில் கேட்டாள். பர்மிட் என்றதும் தலையாட்டி அனுப்பிவிட்டார்கள். நாகப்பட்டினத்தில் அண்ணன் வீடு இருந்தது. அங்கே போவதைத் தவிர வேறு வழி இல்லை. கப்பலேற்றிவிடத் தங்கம் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் போனாள். பெட்டியைத் தூக்கப் போன தங்கத்தின் கையைப் பரீதா சற்றுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் படி. புள்ளி வைக்க மறந்துடாத."

சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன், மழை அதிகம் என்று எழுதியிருந்தாள். கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னால் இங்கே சினிமாக் கதை என்று சிரிக்கிறார்கள், அதனால் இப்போது சொல்வதில்லை என்றும் எழுதியிருந்தாள். தங்கம் உடனே பதில் போட்டாள். மறுபடியும் போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து பிறகு ஒன்றும் வரவில்லை.