டன்ராகன் பிரபு சொன்ன பொய்

"உங்களுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் எந்தத் தேதியிலம்மா நடந்துச்சு?" என்று கோர்மக் கேட்டபோது டீலியா முட்டைக்கோஸைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி பாதி வழியில் நின்றது. பெரிய மகன் ஃபெர்கஸின் பண்ணை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அது. சின்னவன் கோர்மக் டப்ளினிலிருந்து வந்திருந்தான், தட்டுக்குப் பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். அறுபது வருஷமாக இந்தக் கேள்வி ஏதாவதொரு பாதிரியார் வாயிலிருந்தோ, அண்டை வீட்டுக்காரி வாயிலிருந்தோ வரும் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். கடைசியில் அது பெற்ற பிள்ளை வாயிலிருந்து, அதுவும் பன்றிக்கறிக்கும் கடுகுச் சாந்துக்கும் நடுவில் வந்து சேர்ந்தது.

கேட்டதில் தப்பில்லை. மூன்று வாரம் முன்னால் அவள் கணவரின் அண்ணன் ஹியூபர்ட், எட்டாவது டன்ராகன் பிரபு, தொண்ணூற்று மூன்று வயதில் போய்ச் சேர்ந்தார். பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. தம்பி ஜெரால்ட், அதாவது டீலியாவின் கணவர், பத்து வருஷம் முன்பே கண்ணை மூடிவிட்டார். ஆகவே பட்டம் ஜெரால்டின் மூத்த மகன் ஃபெர்கஸுக்குத்தான் என்பது ஊருக்கே தெரியும். அதை லண்டனில் இருக்கும் பிரபுக்கள் பட்டியலில் ஏற்றுவதற்குப் பெற்றோரின் திருமண விவரம் வேண்டுமாம்.

"சீக்கிரம் சொல்லுங்க அத்தை, இன்னிக்கே அனுப்பிடலாம்" என்றாள் ஃபெர்கஸின் மனைவி அட்ராக்டா. அத்லோன் கடைவீதியில் பிரபுவின் மனைவிக்கேற்ற தொப்பிகூட வாங்கிவிட்டாள். 'லேடி டன்ராகன்' என்று கையெழுத்துப் போட்டுப் பழகுகிறாள் என்று கோர்மக் அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தான். ஃபெர்கஸோ, "பட்டத்தை வச்சு மாடு கறக்கவா முடியும்?" என்று அலுத்துக்கொண்டான். அதெல்லாம் வெளிவேஷம். பெரியப்பாவின் சவப்பெட்டியை முன்வரிசையில் தோள்கொடுத்துத் தூக்கியபோது அவன் நெஞ்சு நிமிர்ந்திருந்ததை டீலியா பார்த்தாள்.

அப்படியென்ன பொல்லாத பட்டம் அது? முதல் பிரபு ஒரு ராஜாவின் சேனைக்குக் குதிரைகளும் வைக்கோலும் கொடுத்து வாங்கினார். வைக்கோல் பக்கத்து ஊர்க்காரனுடையது. அவர் மகன் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேதத்தை மாற்றிக்கொண்டார். பேரன் இன்னும் பெரிய பட்டம் கிடைக்குமென்று டப்ளின் நாடாளுமன்றத்தில் தன் ஓட்டை விற்றார், கிடைத்தது வெறும் கைகுலுக்கல். பெரும் பஞ்சத்தில் சனம் புல்லைத் தின்று செத்தபோது அப்போதைய பிரபு லண்டனில் உட்கார்ந்துகொண்டு குத்தகை வசூலித்தார், கட்டாதவன் குடிசையை இடிக்க ஆள் அனுப்பினார். அந்த ஊரில் இன்றைக்கும் அதை மறந்தவர் கிடையாது. சுதந்திரப் போராட்டத்தில் மாளிகையைக் கொளுத்தினார்கள். மிஞ்சிய நிலத்தை அடுத்து வந்தவர் குதிரைப் பந்தயத்தில் விட்டார். ஹியூபர்ட்டுக்கு வந்தது கேட்டுக்குப் பக்கத்திலிருந்த காவல்காரன் வீடும், கொஞ்சம் கோழியும், பேரும்தான்.

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் டீலியாவிடம் ஒரு பதில் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் தேதியைச் சொன்னால் எல்லாம் தெரிந்துவிடும். பிள்ளை கல்யாணத்துக்கு முன்னால் பிறந்திருந்தால் அவனுக்குப் பட்டம் கிடையாது, பிறகு பெற்றோர் மணந்துகொண்டாலும் கிடையாது. ஞாபகமில்லை என்று சொல்லி மழுப்பலாம். பட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று கத்தலாம். ஆனால் ஹியூபர்ட்டை மண்ணுக்குள் இறக்கிய அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வேதனை. அந்த மனிதர் செய்தது உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு தானும் போய்விட்டால் அவருக்கு ஒரு நன்றிகூட மிஞ்சாது. சொன்னாலோ, அறுபது வயது தாண்டிய மகன் தன்னை எப்படிப் பார்ப்பான்? அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஃபெர்கஸ், என்னைப் பாருய்யா. நீ பொறந்து நாலு மாசம் கழிச்சுத்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு."

ஃபெர்கஸ் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான். டீலியா நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

"உங்கப்பா வேற சபை, நான் கத்தோலிக்கச்சி. பாதிரியார் அனுமதி குடுக்கலை, இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சாரு. நீ வயித்துல வளர்ந்துட்டே. தெரிஞ்சா, கல்யாணமாகாம கர்ப்பமானவங்களை அடைக்கக் கன்னியாஸ்திரிங்க நடத்துற விடுதியில என்னைத் தள்ளியிருப்பாங்க. நர்ஸ் படிக்கப் போறேன்னு வீட்டுல பொய் சொல்லிட்டுக் கப்பல் ஏறினேன். கப்பல் காசு உங்க பெரியப்பா குடுத்தது. குதிரைச் சேணத்தை வித்துக் குடுத்தாரு. உங்கப்பா அங்க வந்து சேர நீ பொறந்து நாலு மாசம் ஆயிடுச்சு. மான்செஸ்டர்ல சர்க்கார் ஆபீஸ்ல பதிவு பண்ணிக்கிட்டோம்."

மூச்சு வாங்கியது. கோர்மக் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் குடிக்கவில்லை.

"ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்கு வந்தோம். மாட்டுக் கண்காட்சி நடந்துட்டிருக்கு. பாதிரியார் டான்ஸி நேரா என்கிட்ட வந்து, 'பையன் நல்லா வளர்ந்திருக்கானே, எத்தனை மாசம்?'ன்னு கேட்டாரு. சுத்தி நின்ன பொம்பளைங்க அத்தனை பேரும் மனசுக்குள்ள கணக்குப் போடுறாளுங்க. அப்பத்தான் உங்க பெரியப்பா கூட்டத்தை விலக்கிட்டு வந்து உன்னைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாரு. 'நல்லாப் பாத்துக்குங்க சாமி! இவன் என் வாரிசு. அடுத்த டன்ராகன் பிரபு!'ன்னு மைதானமே கேக்குற மாதிரி கத்துனாரு."

"பெரியப்பாவுக்குச் சட்டம் தெரியாதா?" என்றான் கோர்மக்.

"தெரியாம? அவருக்குத் தெரியாத சட்டமா? பிரபுவோட வாரிசுன்னா முறையாப் பொறந்தவனாத்தான் இருக்கணும்னு ஊரே நினைச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் எவளும் மாசம் எண்ணலை. வருஷா வருஷம் அதே கண்காட்சியில அதே வார்த்தையைச் சொன்னாரு. எனக்காகச் சொன்ன பொய்டா அது. முந்நூறு வருஷத்துல அந்தப் பட்டம் பண்ணின ஒரே நல்ல காரியம்."

ஃபெர்கஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சன்னலுக்குப் போனான். அகன்ற முதுகு, வெளியே பார்த்தபடி அப்படியே நின்றது. அவ்வளவுதான், போச்சு என்று டீலியா நினைத்தாள். ஹியூபர்ட்டுக்குக் கடன் தீர்த்தேன், பிள்ளையை இழந்தேன்.

அட்ராக்டாதான் முதலில் பேசினாள். குரலில் 'லேடி டன்ராகன்' தோரணை இல்லை. "எங்க சித்தி ஒருத்தி அந்த விடுதிக்குப் போனா அத்தை. கொழந்தையை அமெரிக்காவுக்குத் தத்துக் குடுத்துட்டாங்க. சாகுற வரைக்கும் பள்ளிக்கூடம் விடுற நேரத்துல வாசலுக்கு வந்து நிப்பா." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுஷன் இல்லேன்னா எனக்கு இவரு ஏது?" என்றாள்.

ஃபெர்கஸ் திரும்பாமலே கேட்டான். "அப்ப உங்க கல்யாணத்துல நானும் இருந்தேனா?"

"இருந்தே. உங்க பெரியப்பா கோழியை எல்லாம் பக்கத்து வீட்டுல விட்டுட்டு சாட்சிக் கையெழுத்துப் போட வந்தாரு. நீ அவர் மடியில. அவரோட நல்ல கோட்டு முழுக்கப் பால் கக்கி வச்சே. 'பிரபுக்கள் நாங்க ஜனங்க மேல கக்கியிருக்கோம், இப்ப கணக்கு சரியாப் போச்சு'ன்னாரு."

அந்த அகன்ற முதுகு குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று டீலியாவுக்குத் தெரியவில்லை. திரும்பியபோது அவன் முகத்தில் இரண்டும் இருந்தன.

"டேய் பிரபு" என்றான் தம்பியைப் பார்த்து. "இனிமே நீதான். எழுந்து போய்க் கன்னுக்குட்டிக்குப் பால் வை, போ."

"எனக்கு எதுக்குண்ணே இந்தக் கருமம்?" என்று கோர்மக் மடிக்கணினியை மூடினான். "பெரியப்பாவோடயே போகட்டும்." அட்ராக்டா குழம்புச் சட்டியை அடுப்பில் வைத்துச் சூடாக்கப் போனாள்.

ஃபெர்கஸ் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். பாத்திரத்தில் கைவிட்டுத் துழாவி, தோல் வெடித்து மாவாய்ச் சிரித்த ஒரு உருளைக்கிழங்கை எடுத்தான். சூடு பொறுக்காமல் கைமாற்றிக் கைமாற்றி, ஊதி ஊதி, தடித்த விரல்களால் அதன் தோலை உரிக்கத் தொடங்கினான்.

"ஞாபகமில்லைன்னு மழுப்பியிருக்கலாம்டா, சொல்லிட்டேன்" என்றாள் டீலியா.

"பேசாம இரும்மா" என்று சொல்லி, உரித்த கிழங்கை அவள் தட்டில் வைத்துப் பிளந்து, வெண்ணெயை அதன்மேல் தாராளமாக வழித்துவிட்டான்.